ஆறு மணி விசில்

புனேயின் ஹடப்சர் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் யாருக்காவது சண்டை போட வேண்டிய அவசியம் வந்து, தைரியம் மட்டும் வரவில்லை என்றால், தரைத்தளத்து வீட்டு மணியை அடித்தால் போதும். அந்த அக்கா நைட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார். யாரோடு, எதற்கு என்பதையெல்லாம் படியேறும்போது கேட்டுக்கொள்வார். மணிச் சத்தம் கேட்டதுமே அவருடைய கணவர் காது மிஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். அந்த மனிதரின் நிம்மதி முழுவதும் அந்த மிஷினில்தான் இருந்தது.

அவரை ஆன்ட்டி என்று யாரும் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வயது அறுபதை எட்டியிருந்தாலும் கட்டடத்துக்கே அவர் அக்காதான். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர் என்பதால் அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் இதே புனேயில், கட்கி குவார்ட்டர்ஸில். சண்டையைத் தமிழில் ஆரம்பிப்பார், இந்தியில் சூடேற்றுவார், மராத்தியில் முடிப்பார். மராத்திக்கு வந்துவிட்டார் என்றால் எதிராளி செருப்பைத் தேட ஆரம்பிக்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்காகக் கணவரோடு புனே வந்திருந்த என்மேல் அவருக்கு ஒரு தனிப்பட்ட பரிதாபம் இருந்தது. என் மாடிக்கு மேல்வீட்டுக்காரர்கள் செடிக்கு ஊற்றும் தண்ணீர் தினமும் என் துணிகள்மேல் விழும். நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளும் விழுந்தது.

"இன்னா சொன்ன நீ?" என்று அக்கா கேட்டார்.

"கொஞ்சம் பாத்து ஊத்துங்கன்னு சொன்னனுங்க்கா."

"ஊத்துங்க! திட்டப் போற எடத்துலயும் 'ங்க' போட்டுக்கினு இருந்தா எவன் பயப்படுவான்? நட."

அதற்குப் பிறகு என் துணிகள்மேல் மழைத் தண்ணீர்கூடத் தயங்கித்தான் விழுந்தது.

அவர் சண்டை போடுவதில் ஒரு சுத்தம் இருக்கும். ஒருமுறை கோந்த்வாவுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். கூட்டம். ஒரு ஆள் கல்லூரிப் பெண் ஒருத்தியின்மேல் சாய்ந்து சாய்ந்து நின்றான். அந்தப் பெண் ஒதுங்க ஒதுங்க இவனும் அவள் பக்கமே ஒதுங்கினான். அக்கா கத்துவார் என்று நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தயாரானேன். அவர் கத்தவில்லை. அவன் தோளைத் தொட்டு, இந்தியில், அத்தனை கனிவோடு, "என்ன தம்பி, நிற்க முடியவில்லையா? முதுகெலும்பு போய்விட்டதா?" என்று கேட்டார். அவன் முழித்தான். அக்கா கண்டக்டரைக் கூப்பிட்டார். இந்தப் பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை, பொம்பளைப் பிள்ளைகள் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அடுத்த ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுங்கள் என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில், ஆரோக்கியமான அந்த ஆளை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள். அக்கா ஜன்னல் வழியாக, "எலும்பு டாக்டரைப் பார்!" என்று சொல்லி அனுப்பினார்.

இதெல்லாம் அவருடைய பாதிதான். மற்ற பாதியைத் தெரிந்துகொள்ள அவர் தப்பாகச் சண்டை போடும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்றாவது மாடியில் நாய் வைத்திருந்தவரிடம், வாசலில் அசிங்கம் செய்தது உன் நாய்தான் என்று ஒருநாள் காலையில் அக்கா போர் தொடுத்தார். சாயங்காலம் அந்த வேலையைச் செய்தது ஒரு பூனை என்று அவரே கண்ணால் பார்த்துவிட்டார். உடனே கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனார். போகிற வழியெல்லாம் கதவுகளைத் தட்டி, "தப்பு எம்மேலதான். நாய்மேல ஒண்ணும் இல்ல" என்று அறிவித்துக்கொண்டே போனார். அதுவரை விஷயமே தெரியாத வீடுகளுக்கும் தெரிந்துபோயிற்று. சண்டையே தேவலை என்று நாய்க்காரர் பிறகு என்னிடம் புலம்பினார்.

விசில் சத்தம் ஆரம்பித்தது அந்தக் கோடையின் கடைசியில். வானம் மூட்டம் போட்டுக்கொண்டு மழையை மட்டும் தராமல் ஏமாற்றிக்கொண்டிருந்த நாட்கள். எங்கள் கட்டடத்தை ஒட்டி ஒரு பூங்கா. அக்காவின் சமையலறை ஜன்னலுக்கு நேரே பூங்காவின் மூங்கில் புதர். ஒருநாள் காலையில் என் வீட்டு மணியை யாரோ அடித்தார்கள். கதவைத் திறந்தால் அக்கா.

"எவனோ என்னப் பாத்து விசிலடிக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. காலைல ஆறு மணிக்குப் பால் வெக்க ஜன்னலத் தொறக்கறேன், விசிலு. சாயங்காலம் ஆறு மணிக்கு வெளக்கப் போட வரேன், விசிலு. அதுவும் எப்படி? ரெண்டு கட்டையா இழுத்து, சினிமால பொறுக்கிப் பசங்க அடிப்பானுங்களே, அந்த மாதிரி."

"உங்களைப் பாத்துத்தான் அடிக்கறாங்களாங்க்கா?"

"ஏன், எனக்கு என்ன கொறச்சல்?" என்று முதலில் கோபப்பட்டார். பிறகு, "அறுவது வயசுப் பொம்பளையப் பாத்து அடிக்கிறான்னா அவன் எவ்ளோ பெரிய லஃபங்காவா இருப்பான், யோசி" என்றார்.

கணவரிடம் கேட்டாராம். "விசிலா? எனக்கு உன் குரலே கேக்கலையே" என்று அவர் சொல்லிவிட்டாராம். நான் குடியிருந்தது நாலாவது மாடி. காலை ஆறு மணிக்கு எழுந்த சரித்திரமும் எனக்கு இல்லை; சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸில் இருப்பேன். ஆக, சாட்சி கிடையாது.

பூங்காவில் காலையில் ஒரு சிரிப்பு மன்றம் கூடும். ஓய்வுபெற்ற பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்று, கைகளை உயர்த்தி, காரணமே இல்லாமல் ஹாஹா என்று சிரிப்பார்கள். அக்கா முதலில் அவர்களைச் சந்தேகப்பட்டார். ஆளுக்கு ஆள் பக்கத்தில் போய் நின்று உதடுகளை உற்றுப் பார்த்ததில் இரண்டு பேர் அடுத்த நாள் வரவில்லை. பல்செட் போட்டவர்களால் இத்தனை சுத்தமாக விசிலடிக்க முடியாது என்று அவர்களை விடுதலை செய்தார். மிஞ்சியது பூங்காக் காவல்காரர்.

நாந்தேட் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆள் அவர். முப்பது வயதிருக்கும். மனைவியோடு பூங்காவுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். சாயங்காலங்களில் பெஞ்சுகளில் நெருங்கி உட்காரும் ஜோடிகளை எழுப்பிவிடுவதற்காகக் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

சிரிப்பு மன்றம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவரைப் பிடித்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா மராத்திக்கு வந்துவிட்டிருந்தார். சிரிப்பு நின்றுபோயிருந்தது. காவல்காரரின் மனைவி இடுப்பில் குடத்தோடு குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாவ்ஷி, நான் இல்லை. என் விசில் சத்தமே வேறு" என்றார் அவர். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. நிரூபிப்பதற்காக அந்த மனிதர் கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதியும் காட்டினார். பீ என்று கத்தியது.

"பாத்தியா, என் மூஞ்சிக்கு நேரா ஊதறான்!" என்றார் அக்கா.

காவல் ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் அன்றே வந்தார். அக்கா சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் புதிதாக ஒரு கிழவர் காவலுக்கு நின்றார். பழையவரை ஊருக்கு வெளியே ஏதோ கிடங்குக்கு இராக்காவலுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். கொட்டகையைக் காலி செய்ய வேண்டுமென்று அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒழிஞ்சான்" என்று அக்கா கையைத் தட்டித் துடைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் விடிந்ததும் என் வீட்டு மணி அடித்தது. அக்கா நின்றிருந்த விதமே சரியில்லை. தோளில் துண்டு இல்லை. கையில் பால் கரண்டி.

"அடிச்சிது" என்றார்.

"என்னதுங்க்கா?"

"விசிலு. அதே விசிலு. அவன் இல்ல, கோயமுத்தூரு. அவன் இல்ல." உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "அவன் பொண்டாட்டி எதுர்ல என்னல்லாம் பேசிட்டேன்."

உடனே மேற்பார்வையாளருக்குப் போன் செய்தார். அவர் சிரித்தாராம். "முந்தாநாள் அவன்தான் என்றீர்கள், இன்று அவன் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் யார்? ஆளைக் காட்டுங்கள், பார்க்கலாம்."

"காட்டறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாளைக்கு நீயும் எழுந்துக்கற."

அடுத்த நாள் இருட்டு பிரிவதற்குள் நாங்கள் இருவரும் மூங்கில் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தோம். அக்கா கையில் ஒட்டடைக் குச்சி. எனக்குக் கொசுக்கடி, தூக்கம், சிறுநீர் வேறு. நேரத்தைப் போக்குவதற்காக, ஒரு விசிலுக்கு இவ்வளவா என்று கேட்டேன்.

அக்கா எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "டைப்பிங் கிளாஸுக்குப் போய்க்கினு இருந்தேன்" என்றார். அவருக்கு மெல்லப் பேசவும் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "கட்கி பஜார் முக்குல நாலு பசங்க நின்னுக்கினு தெனம் விசிலடிப்பானுங்க. ஒருநாள் அப்பாவாண்ட சொன்னேன். அவரு போயி அவனுங்கள ஒதப்பாருன்னு பாத்தா, என்ன கிளாஸ்லேந்து நிறுத்திட்டாரு. அடிச்சவன் முக்குலயே நிக்கறான், நான் வூட்ல உக்காந்திருக்கறேன். நல்லா இருக்குதா இது?"

"இல்லைங்க்கா."

"அப்பவே போயி அந்த நாலு பேத்துல ஒருத்தன ஒரு அறை வுட்ருந்தா முடிஞ்சிருக்கும். அதுக்குப் பதிலா ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் அறை வுட்டுக்கினு..." என்று இழுத்தார். அதற்குள் விசில் அடித்தது.

எங்களுக்கு இரண்டு கை தூரத்தில். ஏறி இறங்கும் இரண்டு கட்டை. சத்தியமாக ஒரு ஆண்பிள்ளை வாயிலிருந்து வருவதுபோலத்தான் இருந்தது. எனக்கே கன்னம் சுட்டது. அக்கா ஒட்டடைக் குச்சியை ஓங்கிக்கொண்டு எழுந்து மூங்கிலை விலக்கினார்.

ஆள் இல்லை. தாழ்ந்த கிளையில் மைனா அளவு ஒரு பறவை. முதுகு பச்சை, நெஞ்சு சந்தனம், தோளில் பளபளக்கும் நீலம், வாலுக்கு அடியில் குங்குமத்தைக் கொட்டிய மாதிரி சிவப்பு. கண்ணுக்குக் குறுக்கே திருடன் கட்டுவதுபோலக் கறுப்புப் பட்டை. அது தலையைப் பின்னால் சாய்த்து, எங்களைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு தடவை விசிலடித்தது.

அக்காவின் குச்சி அந்தரத்தில் நின்றது.

"இதுவா?" என்றார். "வாலுகூட ஒழுங்கா மொளைக்கல. இதுக்கு விசிலு!"

வால் உண்மையிலேயே வெட்டிவிட்ட மாதிரிதான் இருந்தது. நான் போனில் படம் எடுத்தேன். பறவை கீழே குதித்துக் காய்ந்த சருகுகளைப் புரட்ட ஆரம்பித்தது. எனக்குச் சட்டென்று பெயர் நினைவுக்கு வந்தது. "அக்கா, இது ஆறுமணிக் குருவிங்க. எங்க பக்கம் குளிர்காலத்துல வரும். விடியக்காலம் ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் கூப்பிடும்."

"பேரே ஆறுமணிக் குருவியா?"

"ஆமாங்க்கா."

"நான் வந்து ஆறு மணிக்கு ஆறு மணிக்குன்னு உங்காண்ட கத்திக்கினு இருந்தேனே, அப்பச் சொல்றதுக்கு இன்னா?"

கட்டட வாட்ஸாப் குழுவில் படத்தைப் போட்டேன். அது எங்கெல்லாம் போயிற்றோ தெரியவில்லை. ஊருக்கு நடுவில் ஒரு பூங்காவில் இந்தப் பறவை இறங்குவது அபூர்வமாம். மராத்தியில் நவரங் என்கிறார்கள், ஒன்பது நிறம். மறுநாள் காலையில் பீரங்கி மாதிரி கேமராக்களோடு விமான் நகரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து மூங்கில் புதரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். எல்லோரும் இலைப்பச்சைச் சட்டை. தலைவர் போலிருந்தவர் இலைப்பச்சையில் தொப்பியும் வைத்திருந்தார். யாராவது தும்மினால்கூட உதட்டில் விரலை வைத்து முறைத்தார்.

அக்கா மேற்பார்வையாளரைக் கையோடு இழுத்துவந்திருந்தார். வரும்போதே பேசிக்கொண்டு வந்தார். தொப்பிக்காரர் உதட்டில் விரலை வைத்தார்.

"எங்க வூட்டுக்காரரே என்ன வாய மூடுன்னு சொன்னதில்ல" என்று அக்கா தமிழில் என்னிடம் சொன்னார், கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அன்று அவருக்குக் குருவியின் வாக்குமூலம் தேவைப்பட்டது.

ஆறு மணி ஆயிற்று. குருவி கூப்பிடவில்லை. சருகுக்குள் எங்கோ பதுங்கிவிட்டது. இத்தனை கண்களைப் பார்த்தால் யாருக்குத்தான் பாட்டு வரும்? சிரிப்பு மன்றத்தாரும் இன்று சிரிக்கக்கூடாது என்று தடை செய்யப்பட்டு, ஒரு ஓரத்தில் சோகமாக நின்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, பறவை அழகாக இருக்கும்தான். ஆனால் இது மனுஷன் மாதிரி விசிலடிக்கும் என்று நான் எப்படி நம்புவது? எனக்கு வேலை இருக்கிறது" என்று திரும்பினார்.

அக்கா அவரைப் பார்த்தார். புதரைப் பார்த்தார். பிறகு உதட்டைக் குவித்தார்.

முதலில் காற்றுதான் வந்தது. யாரோ சிரித்தார்கள். இரண்டாம் முறை காற்றோடு கொஞ்சம் எச்சில். தொப்பிக்காரர் பதறிக்கொண்டு வந்து, "மேடம், அப்படியெல்லாம் கூப்பிடக்கூடாது, பறவைக்குத் தொந்தரவு" என்று இந்தியில் கிசுகிசுத்தார்.

"இத்தன பேரு அத மொறச்சிப் பாத்துக்கினு இருக்கறது தொந்தரவு இல்லியா?" என்று அதே இந்தியில் கேட்டுவிட்டு, உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு, கண்ணை மூடி அக்கா மூன்றாம் முறை ஊதினார்.

வந்தது. அச்சு அசல் அந்த விசில். ஏறி, இறங்கி. நைட்டியும் துண்டுமாக, அறுபது வயதில், அத்தனை ஆண்கள் நடுவே நின்று அக்கா விசிலடித்தார். அவருடைய கணவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காதில் மிஷின் இருந்தது.

மூங்கிலுக்குள்ளிருந்து உடனே பதில் வந்தது. இன்னும் உரக்க.

அக்கா மறுபடி அடித்தார். அது மறுபடி பதில் சொன்னது. கேமராக்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. சிரிப்பு மன்றம் தடையை மீறிச் சிரித்தது. அன்று அவர்களுக்குக் காரணம் இருந்தது. மேற்பார்வையாளர் வாயைப் பிளந்தபடி, "இது உங்களைப் பார்த்தா அடித்தது?" என்று கேட்டார்.

"அது பொண்டாட்டி தேடுது. நீ போயி அந்த மனுஷனக் கூட்டிக்கினு வா" என்றார் அக்கா.

காவல்காரர் இரண்டு நாளில் திரும்பி வந்தார். அக்கா கேசரித் தூக்கோடு கொட்டகைக்குப் போனார். நானும் போனேன். காவல்காரர் தூக்கை வாங்கிக்கொள்ளவில்லை. கோபமாகவும் இல்லை. "மாவ்ஷி, நீங்கள் என்னைக் கொட்டகையில் வைத்துத் திட்டவில்லை. எல்லோர் எதிரிலும் திட்டினீர்கள்" என்றார். மனைவி பின்னால் நின்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிதான்" என்றார் அக்கா. "நீயும் வாம்மா."

மறுநாள் காலையில் சிரிப்பு மன்றத்தின் வட்டத்துக்கு நடுவில் அவர்கள் இருவரையும் நிறுத்தி, பக்கத்தில் நின்றுகொண்டு, இந்த ஆள் நல்லவர், நான்தான் கண்ணை மூடிக்கொண்டு பேசிவிட்டேன், மன்னித்துவிடு என்று மராத்தியில் சொன்னார். குரல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாலாவது மாடியில் என் கணவர் விழித்துக்கொண்டார். பிறகு அக்கா வட்டத்தில் உள்ள ஒவ்வொருவரிடமும் போய், "கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்று விசாரித்தார். காவல்காரரே கடைசியில், "போதும் மாவ்ஷி, பக்கத்துப் பூங்காவுக்கே கேட்டிருக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி அப்போதுதான் சிரித்தாள். கேசரித் தூக்கை அவள்தான் வாங்கிக்கொண்டாள்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டதும் குருவி மலைப்பக்கம் போய்விட்டது. அக்கா ஒருநாள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார் என்று அவர் கணவர் என்னிடம் சொன்னார். "சொல்லாமப் போயிடுச்சு, மரியாத தெரியாத ஜென்மம்" என்று அதையும் திட்டினாராம். ஆனால் விசிலை அக்கா விடவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் சமையலறையிலிருந்து பயிற்சி கேட்டுக்கொண்டே இருந்தது. உதட்டால் அடிப்பதில் தேறி, இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கிற நிலைக்கு முன்னேறினார்.

அதன் முழு பலத்தை நான் கேட்டது தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிளம்பிய அன்று. சோலாப்பூர் ரோட்டில் நாங்கள் நிறுத்தத்துக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நான் அடுத்ததில் போகலாம் என்று சொல்லி வாயை மூடவில்லை, அக்கா பையை என் கையில் திணித்துவிட்டு இரண்டு விரலை வாயில் வைத்தார். நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் தன் விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் ஹார்ன் அடித்துக் கதற, தெருவுக்கு நட்டநடுவில் பஸ் கிறீச்சிட்டு நின்றது. அக்கா நிதானமாகப் போய் ஏறினார். ஏறியதும் நேராக டிரைவரிடம் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா, நடு ரோட்டுல எவனாச்சும் இப்படி பஸ்ஸ நிறுத்துவானா? பின்னால வர வண்டிக்காரன் பாவமில்ல?"